ஃபிலிமில் எடுத்த குறும்படம்: கேனிலிருந்து இணையம் வரை

என் குறும்படத்தின் கடைசி ஷாட்டில் ஒரு வயதான தையல்காரர், மிஷினுக்கு மேலே தொங்கும் விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேமராவில் ஃபிலிம் தீர்ந்துபோனது. சுருளின் வால்பகுதியில் வெளிச்சம் ஏறியிருந்ததால் ஓரத்திலிருந்து ஆரஞ்சு நிறம் பரவி, அவர் முகத்தை மூடி, கடைசியில் எல்லாமே வெள்ளையாகிறது. மொத்தம் 36 ஃப்ரேம், ஒன்றரை நொடி. படம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஃபிலிமை டிஜிட்டலாக ஸ்கேன் செய்து வந்த கோப்பில் அது இல்லை. அவர் நிமிர்வதற்கு முன்பே ஷாட் முடிந்துவிட்டது. நெகட்டிவை வாங்கி, வெள்ளை வெளிச்சத்துக்கு மேல் பிடித்து வாலைப் பார்த்தேன். அங்கே பத்திரமாக இருந்தது. ஸ்கேன் செய்தவர்கள் அதைப் பயன்படாத பகுதி என்று நினைத்து விட்டிருக்கிறார்கள். ‘தலையிலிருந்து வால் வரை எதையும் விடாமல்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

அந்த ரோலை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்து 36 ஃப்ரேமையும் மீட்டேன். ஷூட்டிங் முடிந்தபிறகு நம் படம் பல கைகளையும் பல இயந்திரங்களையும் கடந்து போகிறது. அவை ஒவ்வொன்றும் எதையாவது சுத்தம் செய்யப் பார்க்கும். ஒருவர் வாலை விடுவார், ஒரு மென்பொருள் கிரெயினை, அதாவது ஃபிலிமின் நுண்துகள்களை, வழித்தெடுக்கும், கடைசியில் வீடியோ தளம் மிச்சத்தையும் பிசைந்துவிடும். நெகட்டிவில் பதிந்தது பார்ப்பவர் கண் வரை போய்ச் சேர நான் என்னென்ன செய்தேன் என்பதை, செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் படம் 16 எம்எம், 4:3 சட்டகம், 100 அடி ரோல் ஏழு. 100 அடியில் 4,000 ஃப்ரேம் இருக்கும். நொடிக்கு 24 என்று ஓடினால் 2 நிமிடம் 46 நொடி. ஏழும் சேர்த்து 19 நிமிடம் சொச்சம். முடிந்த படம் 8 நிமிடம். அதைவிடச் சிறிய சூப்பர் 8 ஃபிலிம் என்றால் 50 அடி காட்ரிஜில் 24 வேகத்துக்கு இரண்டரை நிமிடம், 18 வேகத்துக்கு 3 நிமிடம் 20 நொடி கிடைக்கும். கணக்குதான் மாறும், வேலை ஒன்றுதான்.

லேபுக்குப் போகும் சீட்டு

எடுத்து முடித்த ரோலைச் சீக்கிரம் கழுவிவிடுங்கள். ஒளி பட்டு, இன்னும் கழுவாமல் இருக்கும் பிம்பம் நாளாக ஆக மங்கும், வெக்கையில் இன்னும் வேகமாக மங்கும். உடனே அனுப்ப முடியவில்லை என்றால் காற்றுப் புகாத உறையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். விமானத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தால் கழுவாத ஃபிலிமை எக்ஸ்ரேக்குள் விடாதீர்கள். சரக்காகப் போகும் பெட்டிகளுக்கு அடிக்கும் கதிரும், கைப்பைகளுக்கு இப்போது வந்திருக்கும் சிடி ஸ்கேனரும் ஃபிலிமில் புகைமூட்டம் போட்டுவிடும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கழுவிய நெகட்டிவுக்கு இந்தப் பயம் இல்லை.

ஒவ்வொரு கேனிலும் ரோல் எண், ஃபிலிம் எண், எத்தனை அடி, எந்த ஐஎஸ்ஓவுக்கு (ஒளியுணர்வு அளவு) எடுத்தீர்கள், புஷ் அல்லது புல் (கூட்டியோ குறைத்தோ கழுவுவது) வேண்டுமா என்று எழுதி ஒட்டுங்கள். நான் வெளிப்புறக் காட்சிகளுக்கு கோடக்கின் 7207, அதாவது பகலொளிக்கான 250 ஐஎஸ்ஓ ஃபிலிம் வைத்தேன். கடைக்குள் எடுத்ததற்கு 7219, டங்ஸ்டன் விளக்குக்கான 500 ஐஎஸ்ஓ. இவை ஈசிஎன்-2 என்ற முறையில் கழுவ வேண்டிய சினிமா நெகட்டிவ்கள். பல ஆண்டுகளாக இவற்றின் முதுகில் ரெம்ஜெட் என்ற கறுப்புப் பூச்சு இருந்துவந்தது. அதைப் போட்டோ லேபின் சாதாரண இயந்திரத்தில் விட்டால் பூச்சு உரிந்து மருந்து முழுவதையும் கெடுக்கும். அதனால் சினிமா ஃபிலிம் கழுவும் லேப்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேமராவில் ஏதாவது சந்தேகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஃபிலிம் பெட்டியான மேகசின் இறுகி நின்றதா, ரோல் பாதியில் அறுந்ததா, எல்லாவற்றையும். இருட்டறையில் கேனைத் திறப்பவருக்கு அந்தச் சீட்டு மட்டும்தான் துணை.

ஸ்கேன்: இங்கேதான் பணமும் கவனமும்

நெகட்டிவைப் பத்து விதமாக ஸ்கேன் செய்யலாம். அதில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் வாங்கப்போகிறீர்கள். கையில் இருக்கும் பணத்தில் எங்கே தாராளமாக இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இங்கேதான் என்பேன். எடிட்டிங்கைத் திரும்பச் செய்யலாம், நிறத்தைத் திரும்பச் செய்யலாம். ஸ்கேனில் வெட்டுப்பட்ட வெளிச்சத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

நான் கேட்டு வாங்கியவை இவை. முதலாவது, லாக் ஸ்கேன், அதாவது மாறுபாட்டைக் குறைத்துப் பதியும் ஸ்கேன். பார்த்தால் சாம்பல் பூசியதுபோல வெளிறித் தெரியும், பயப்பட வேண்டாம். நெகட்டிவில் இருக்கும் கறுப்பும் வெளிச்சமும் இரண்டு பக்கமும் நசுங்காமல் முழுதாக உள்ளே இருக்கிறது என்பதன் அடையாளம் அது. அங்கேயே நிறம் போட்டு அழகாகக் கொடுக்கிறோம் என்பார்கள். எடுத்ததை அப்படியே போட்டுப் பார்க்கும் ரஷ்ஷுக்கு மட்டும் அது போதும், மாஸ்டருக்கு, அதாவது மற்றப் பிரதிகளுக்கு மூலமான கோப்புக்கு, போதாது. இரண்டாவது, 10 பிட்டுக்குக் குறையாத கோப்பு. பிட் கூடினால் நிறப்படிகள் கூடும். என் 2கே (அகலத்தில் சுமார் 2,000 புள்ளி) ஸ்கேனை டிபிஎக்ஸாக, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் தனிக் கோப்பாக, வாங்கியிருந்தால் ஃப்ரேமுக்குச் சுமார் 12 எம்பி. ஏழு ரோலுக்கும் 28,000 ஃப்ரேம், கிட்டத்தட்ட 336 ஜிபி. லேசாகச் சுருக்கும் புரோரெஸ் 4444 என்ற வீடியோ வடிவத்தில் அதே ஏழு ரோலும் 60 ஜிபி அளவில் அடங்கிவிடும். நான் புரோரெஸ் 4444 வாங்கினேன், குறையாகத் தெரியவில்லை. 8 பிட் கோப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள். லாக் பிம்பத்தை நிறப்படுத்த இழுக்கும்போது வானம் படிப்படியாக உடையும்.

மூன்றாவது, ஓவர்ஸ்கேன். ஃப்ரேமின் நான்கு ஓரங்களையும், துளை தெரியும் வரை, சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். எங்கே வெட்டுவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். படம் லேசாக ஆடினால் ஓரத்தை ஆதாரமாக வைத்து நிலைப்படுத்தலாம். நான்காவது, நொடிக்குச் சரியாக 24 ஃப்ரேம் என்று முத்திரை குத்திய கோப்பு. இது ஏன் என்று கீழே சொல்கிறேன். ஐந்தாவது, நான் முதலில் எழுத மறந்த அந்த வரி: தலை முதல் வால் வரை.

2கேயா 4கேயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 500 ஐஎஸ்ஓ 16 எம்எம் நெகட்டிவில் 2கேக்கு மேல் புதிதாக உருவம் எதுவும் பெரிதாக வந்துவிடாது. கிரெயினின் வடிவம் மட்டும் கூர்மையாகத் தெரியும். 50 ஐஎஸ்ஓ ஃபிலிமில் நல்ல லென்ஸ் வைத்து எடுத்திருந்தால் 4கே பலன் தரும். 4கே 8 பிட்டும் 2கே 10 பிட் லாக்கும் ஒரே விலை என்றால், யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள்.

முதல் முறை பார்க்கும்போது

கோப்பு வந்ததும் எடிட்டிங்கில் உட்காராதீர்கள். எல்லா ரோலையும் ஒருமுறை ஒலியில்லாமல், நிறுத்தாமல் பாருங்கள். கையில் ஒரு நோட்டு. எனக்கு இந்தப் பார்வையில் கிடைத்ததுதான் பிறகு படத்தின் உருவத்தையே தீர்மானித்தது. கேமரா வேகம் பிடிக்கும் முன் ஷாட்டின் தொடக்கத்தில் சில ஃப்ரேம்கள் பளீரென்று வெளிறி வரும். நடிகர்கள் தயாராவதும், கிளாப் பலகை விலகுவதும் அந்தப் பளீரிலேயே பதிந்திருக்கும். அவற்றில் இரண்டைப் படத்தில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் குறைகளைப் பாருங்கள். இதில் ஒரு எளிய அடையாளம் உண்டு. கழுவிய நெகட்டிவின் மேல் தூசி ஒட்டியிருந்தால் அது ஸ்கேனர் வெளிச்சத்தை மறைக்கும். பாசிட்டிவாகத் திருப்பியதும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கேமராவில் ஃபிலிம் ஒளி வாங்கும் சாளரமான கேட்டில் முடியோ ஃபிலிம் துணுக்கோ மாட்டியிருந்தால், படம் பிடிக்கும்போதே அந்த இடத்தில் வெளிச்சம் பட்டிருக்காது. அது கறுப்பாக, ஓரத்திலிருந்து நீட்டிக்கொண்டு தெரியும். ஆக, வெள்ளை என்றால் பிறகு ஒட்டியது. நெகட்டிவைச் சுத்தம் செய்து மறுபடி ஸ்கேன் செய்தால் போய்விடும். கறுப்பு என்றால் கேமராவிலேயே நடந்தது, நெகட்டிவிலேயே இருக்கிறது. சட்டகத்தைச் சற்று உள்ளே இழுத்து வெட்டுவதா, ஃப்ரேம் ஃப்ரேமாக அழிப்பதா, அப்படியே விடுவதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்டில் பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல் ஓரத்தில் தெரியும் முடி கேட்டின் கீழ்ப்பக்கம் இருந்தது. அடுத்த ஷூட்டிங்கில் எங்கே துடைக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

என் மூன்றாவது ரோல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அதைச் சுத்தம் செய்யச் சொல்லி மறுபடி வாங்கினேன். மற்ற ரோல்களில் முகத்தின் மேலும் கண்ணின் மேலும் விழுந்த தூசியை மட்டும் கையால் அழித்தேன், 60, 70 இடங்கள் இருக்கும். தானாகத் தூசி நீக்கும் கருவிகளைப் படம் முழுவதற்கும் ஓட்டவில்லை. ஒருமுறை சோதித்துப் பார்த்தபோது மழைத்துளியையும் ஊசி முனையின் மின்னலையும் சேர்த்துத் தின்றுவிட்டது. ஒரு ஷாட்டில் ஊசி மின்னுவதுதான் ஷாட்டே.

எடிட்டிங்: 24 என்றால் 24

நாங்கள் க்ரிஸ்டல் மோட்டார் உள்ள கேமராவில் எடுத்தோம். ஓட்டம் துல்லியமாக 24. ஒலி தனியாக 48 கிலோஹெர்ட்ஸில் பதிவானது. டைம்லைனை 24.000 என்று அமைத்தால் இரண்டும் கைகோத்துப் போகும். நிறைய மென்பொருள்களும் சில ஸ்கேன் கோப்புகளும் 23.976 என்ற எண்ணை நம் தலையில் கட்டிவிடும். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான், 40 நொடி டேக்கில் ஒரு ஃப்ரேம் என்பதால் எடிட்டிங்கில் கண்ணுக்குப் படாது. என் முந்தைய படத்தில் எடிட் செய்தது 24-ல், ஒலிக்கலவைக்கு அனுப்பிய வீடியோ 23.976-ல். கலவை முடிந்து திரும்பி வந்த ஒலியைப் படத்தோடு வைத்தபோது முதல் நிமிடம் பிசகில்லை, எட்டாவது நிமிடத்தில் கதவு மூடிய சத்தம் அரை நொடி தள்ளி வந்தது. நாள் முழுக்கக் காரணம் தேடினேன். இப்போதெல்லாம் ஸ்கேன், டைம்லைன், ஒலிக்கு அனுப்பும் கோப்பு, கடைசி எக்ஸ்போர்ட் நான்கிலும் 24 என்று தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைக்கிறேன்.

ஸ்பிரிங் சுற்றும் கேமராவில் எடுத்திருந்தால் வேகம் சீராக இருக்காது. வசனத்தை நீளமாகச் சிங்க் செய்ய முயலாதீர்கள். ஒவ்வொரு வரியாக வெட்டி உதட்டுக்குப் பொருத்துங்கள், அல்லது வசனம் பேசுபவரைக் காட்டாமல் கேட்பவரைக் காட்டுங்கள். கேட்பவர் முகம் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும்.

ஸ்கேன் கோப்பு பெரிதாக இருப்பதால் சிறிய பிராக்ஸி கோப்பு செய்து அதில் வெட்டுங்கள். பெயரை மட்டும் மாற்றாதீர்கள். கோப்பின் பெயரில் ரோல் எண் இருக்கட்டும். பிறகு ஒரு ஷாட்டை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டி வந்தால் எந்தக் கேன் என்று உடனே தெரியும். நெகட்டிவின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எட்ஜ் எண்ணும் உதவும். 16 எம்எம்மில் அது அரை அடிக்கு ஒருமுறை, 20 ஃப்ரேமுக்கு ஒன்று வரும். நான் அந்தக் கடைசி 36 ஃப்ரேமைக் கேட்டபோது ரோல் எண்ணையும் எட்ஜ் எண்ணையும்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஒலி

ஃபிலிம் கேமரா சத்தம் போடும். அமைதியான காட்சியில் அந்த இரைச்சல் வசனத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். அதை வழித்தெடுக்க முயன்று குரலைத் தகரமாக்காதீர்கள். லேசாகக் குறைத்துவிட்டு, அதே அறையின் ரூம் டோனை, அதாவது யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் ஒலியை, அடியில் பரப்புங்கள். படப்பிடிப்பில் கேமரா ஓடாமல் ஒரு நிமிடம் ரூம் டோன் பதிவு செய்ய மறந்திருந்தால் மறுபடி போய்ப் பதிவு செய்யுங்கள். அந்த இடமே இல்லை என்றால் அதுபோன்ற அறையில். நான் தையல் மிஷின் சத்தத்தைத் தனியாக ஒரு மாலை முழுவதும் பதிவு செய்தேன். துணி வைத்து, துணி இல்லாமல், மெதுவாக, நூல் அறுந்து. படத்தில் கேட்பது பெரும்பாலும் அதுதான்.

யூடியூப், மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தின் அலகு) என்ற அளவுக்கு மேல் சத்தமாக இருக்கும் ஒலியைத் தானே குறைத்துவிடும். குறைவாக இருப்பதைக் கூட்டாது. அதற்காக முழுப் படத்தையும் அந்த அளவுக்கு அமுக்கி ஏற்றிவிட்டால் மௌனம் என்பதே இல்லாமல் போகும். என் படம் அதிலிருந்து மூன்று, நான்கு குறைவாகவே இருக்கிறது. உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு போன் ஸ்பீக்கரில் போட்டு வசனம் ஒவ்வொன்றும் புரிகிறதா என்று கேட்டேன். பார்ப்பவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்கப்போகிறார்கள்.

நிறம்

பழைய லேப்களில் பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்று விளக்குக்கும் 1 முதல் 50 வரை எண் கொடுப்பார்கள். ஒரு ஷாட்டின் நிறம் என்பது மூன்று எண்கள், அவ்வளவுதான். லாக் ஸ்கேனில் வேலையைத் தொடங்க இன்றும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. லாக்கிலிருந்து திரைக்கு மாற்றும் ஒரு லட் (நிறமாற்ற அட்டவணை) போடுங்கள். கோடக் 2383 என்ற பிரிண்ட் ஃபிலிமைப் போலச் செய்யும் லட்கள் பல மென்பொருள்களிலேயே கிடைக்கும். அதற்கு முன்னால் முழு பிம்பத்தையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் ஆஃப்செட் என்ற ஒரே கட்டுப்பாட்டை மட்டும் வைத்து ஷாட் ஷாட்டாக வெளிச்சத்தையும் நிறத்தையும் சமன் செய்யுங்கள். முக்கால்வாசிப் படம் அங்கேயே முடிந்துவிடும். தனித்தனி வளைவுகளும், ஒரு பகுதியை மட்டும் மாற்றும் முகமூடிகளும் அதற்குப் பிறகுதான்.

ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். கறுப்பை முழுக் கறுப்பாக அழுத்தாதீர்கள். வெளிச்சம் குறைவாகப் பட்டு மெலிந்துபோன நெகட்டிவில், நிழல்களில் கிரெயின் திரண்டு நிற்கும். அதை மறைக்க எல்லோரும் கறுப்பை அமுக்குவார்கள். அமுக்கினால் நிழலுக்குள் இருந்த துணிக்குவியலும் போய்விடும். அடுத்த முறை நெகட்டிவ் படம் எடுக்கும்போது மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கொடுங்கள். கலர் நெகட்டிவ் அதைத் தாராளமாகத் தாங்கும், நிழலும் சுத்தமாக இருக்கும். நேரடியாகப் பாசிட்டிவ் தரும் ரிவர்சல் ஃபிலிமில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், வெளிச்சமான இடங்கள் வெந்துவிடும்.

டைட்டிலுக்கு என்னிடம் 15 அடி ஷார்ட் எண்ட், அதாவது எடுக்காத துண்டு ஃபிலிம், மிச்சம் இருந்தது. 600 ஃப்ரேம், 25 நொடி. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து எழுதி, அதையே ஃபிலிமில் எடுத்தேன். கம்ப்யூட்டர் எழுத்து கிரெயினுக்கு மேல் ஒட்டாமல் மிதக்கும். ஃபிலிமில் எடுத்த எழுத்து படத்தோடு சேர்ந்து மூச்சுவிடும். மிச்சம் இல்லாதவர்கள் எழுத்தைத் தூய வெள்ளையாக வைக்காமல் சற்றுக் குறைத்து, ஓரத்தை ஒரு துளி மென்மையாக்கினால் போதும்.

எக்ஸ்போர்ட்: கிரெயினைக் காப்பாற்றுதல்

இதற்குத்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். முதல் முறை 1080-ல் ஏற்றிய சோதனைக் கோப்பில், கடைசி ஷாட்டின் சுவர் சதுரம் சதுரமாக உடைந்து, தையல்காரரின் கன்னம் மெழுகாகிவிட்டது. அந்த ஆரஞ்சுப் பரவலில் பட்டை பட்டையாகக் கோடுகள்.

காரணம் எளிது. வீடியோவைச் சுருக்கும் முறை, முந்தைய ஃப்ரேமில் இருந்ததே இந்த ஃப்ரேமிலும் இருக்கும் என்று நம்பி, மாறியதை மட்டும் சேமிக்கிறது. கிரெயின் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாக விழுவது. அசையாத சுவரில்கூட எல்லாப் புள்ளியும் நொடிக்கு 24 முறை மாறுகிறது. தளம் ஒதுக்கும் பிட் அளவு அதற்குப் போதாமல், கிரெயினை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது.

எனக்குப் பலன் தந்தது, 2கே மாஸ்டரை 2160 உயரத்துக்குப் பெரிதாக்கி ஏற்றியதுதான். தளம் 4கே வரிசைக்குக் கூடுதல் பிட்டும் மேலான கோடெக்கும் (சுருக்கும் முறை) கொடுக்கிறது. பார்ப்பவர் 4கேயைத் தேர்ந்தெடுத்தால், அவர் திரை 1080 ஆக இருந்தாலும் கிரெயின் கிரெயினாகவே தெரியும். யூடியூப் தன் பரிந்துரையில், 24 ஃப்ரேம் 1080 கோப்புக்கு 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) என்றும், 4கேக்கு 35 முதல் 45 என்றும் சொல்கிறது. நான் அதோடு நிற்கவில்லை. தளம் எப்படியும் மறுபடி சுருக்கப்போகிறது, அதற்குக் கொடுக்கும் மூலம் கெடாமல் இருக்கட்டும் என்று புரோரெஸ் 422 ஹெச்க்யூ கோப்பையே ஏற்றினேன். 8 நிமிடப் படத்தை ஏற்ற வெகுநேரம் பிடித்தது, பிடிக்கட்டும்.

4:3 படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போட்டு 16:9 ஆக்காதீர்கள். 2880 × 2160 என்று அப்படியே ஏற்றுங்கள். பட்டையை பிளேயரே தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளும். போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவருக்குப் படம் அகலம் முழுவதும் நிறையும். சூப்பர் 16 எடுத்தவர்களுக்கும் இதேதான், உங்கள் 1.66-ஐ அப்படியே விடுங்கள்.

கிரெயினைக் குறைத்துவிட்டு ஏற்றலாமா என்றால், மாஸ்டரில் வேண்டவே வேண்டாம். இணையப் பிரதிக்கு மட்டும், மிக இருண்ட இரண்டு ஷாட்டில், நிழல் பகுதியில் மட்டும் லேசாகக் குறைத்தேன். முகங்களைத் தொடவில்லை. ஆரஞ்சுப் பரவலில் கோடு விழுவதும் 4கேயில் போய்விட்டது. கிரெயினே அந்தப் படிகளைக் கலைத்துவிடுகிறது.

சப்டைட்டிலைப் படத்தில் எரிக்காமல் எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பாக, யுடிஎஃப்-8 எழுத்துக்குறி முறையில் சேமித்துத் தனியாக ஏற்றுங்கள். மற்ற முறையில் சேமித்தால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். ஒரே படத்துக்கு எத்தனை மொழி வேண்டுமானாலும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பொதுவில் விடுவதற்கு முன்

திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் அந்த விழாக்களின் விதிகளைப் படியுங்கள். இணையத்தில் பொதுவாக வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்காது, சில ஏற்கும். தேர்வுக்குழுவுக்குக் கடவுச்சொல் போட்ட இணைப்பு கொடுங்கள். ‘பட்டியலிடப்படாதது’ என்ற அமைப்பில் இணைப்பு கிடைத்தவர் எவரும் பார்க்கலாம், அது கைமாறிப் பரவும்.

இசைக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பாடலின் உரிமை வேறு, அந்த ஒலிப்பதிவின் உரிமை வேறு, இரண்டும் வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் இசை என்றால் உரிமத்தில் ‘என்டி’ (மாற்றிய ஆக்கம் கூடாது) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் படத்தோடு சேர்க்க முடியாது, இசையைக் காட்சிக்குப் பொருத்துவதே அவர்கள் கணக்கில் புதிய ஆக்கம். நடித்தவர்களிடமும் ஒரு பக்கக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஏற்றியதும் தளம் முதலில் தாழ்ந்த தரத்தில்தான் காட்டும், 4கே தயாராகச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை ‘தனிப்பட்டது’ என்றே வைத்திருங்கள். அவசரப்பட்டுத் திறந்தால், உங்கள் மேல் அன்புள்ள முதல் 50 பேர் 360-ல் பார்த்துவிட்டுப் போவார்கள். தயாரானதும் முழுப் படத்தையும் போனில் ஒருமுறை, பெரிய திரையில் ஒருமுறை பாருங்கள். தம்ப்நெயிலுக்குப் படத்தின் ஃப்ரேமையே எடுங்கள். விவரத்தில் எந்த ஃபிலிம், எந்த அளவு, யார் கழுவினார்கள், யார் ஸ்கேன் செய்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்து ஃபிலிமில் எடுக்க நினைப்பவர் தேடுவது அதைத்தான். விளக்கைப் பிடித்து நின்றவர் பெயரையும் விடாதீர்கள்.

கேன்

புரோரெஸ் 4444 மாஸ்டர், எழுத்தில்லாத பிரதி, வசனம், இசை, சத்தம் மூன்றும் தனித்தனி ஒலிக்கோப்பு, ஸ்கேன் கோப்பு, புராஜெக்ட் கோப்பு. இவற்றை மூன்று பிரதி எடுத்து, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்றை வேறு கட்டிடத்தில் வையுங்கள்.

நெகட்டிவை லேபிலேயே விட்டுவிடாதீர்கள், திரும்ப வாங்குங்கள். குளிர்ச்சியான, ஈரம் குறைந்த இடத்தில், கேனைப் படுக்கவைத்து அடுக்குங்கள். கேமரா நெகட்டிவின் அடித்தளம் அசிடேட். வெக்கையும் ஈரமும் பட்டால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், கேனைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். ஒரு சுருளில் தொடங்கினால் பக்கத்துச் சுருளுக்கும் பரவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏழு கேனையும் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். ஏழாவது கேனின் மூடியில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘வாலை வெட்டாதீர்கள். அவர் பார்ப்பது அங்கேதான்.’